கடலாமைக்குப் பிரெஞ்சில் என்ன பெயர்?

நாவலூரில், பழைய மாமல்லபுரம் சாலையில் நின்றுகொண்டு கிழக்கே நோக்குங்கள். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர் இது. இன்று கண்ணாடிச் சுவர் பதித்த அடுக்கு மாளிகைகளே கண்ணில் படுகின்றன. அவற்றுக்கு அப்பால் பக்கிங்காம் கால்வாய். அதையும் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதன் பின் வங்கக் கடல். தொலைவு சில கிலோமீட்டர்தான். தை முதல் பங்குனி வரை, ஊர் உறங்கும் வேளையில், அந்தக் கரை மணலில் பெண் ஆமை ஒன்று ஏறி வருகிறது. பின்துடுப்புகளால் குடம் போன்ற குழி ஒன்றைத் தோண்டுகிறது. நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலால் மூடிவிட்டு, திரும்பிப் பாராமல் கடலுக்குள் போய்விடுகிறது.

இந்த ஆமைக்கும் பிரெஞ்சு வகுப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? தொடர்பு உண்டு. பிரெஞ்சு மொழியில் ஓரளவு தேர்ந்துவிட்ட மாணவர்களுக்கு அதற்குமேல் எதைப் பாடமாக வைப்பது என்பது மொழி ஆசிரியர்களின் நெடுநாளைய கேள்வி. சுற்றுச்சூழலும் வனவிலங்குப் பாதுகாப்பும் அதற்கு நல்ல விடையாகும். அது ஏன் என்று பார்ப்போம்.

தேர்ந்த மாணவருக்கு எது பாடம்?

அயல்மொழி கற்கும்போது முதலில் என்ன கற்கிறோம்? பெயர் சொல்லுதல், வழி கேட்டல், கடையில் விலை விசாரித்தல் ஆகியவையே. இவற்றுக்குச் சிறு வாக்கியங்கள் போதும். ஐரோப்பிய மன்றம் 2001-ஆம் ஆண்டில் மொழித் திறனை ஆறு படிகளாக வகுத்தது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்பன அவை. பிரெஞ்சு மொழிக்கு 1985 முதல் நடந்துவரும் டெல்ஃப், டால்ஃப் தேர்வுகளும் இன்று இந்தப் படிகளையே பின்பற்றுகின்றன.

நான்காம் படியாகிய பி2-இல்தான் பெரிய மாற்றம் வருகிறது. அங்கே மாணவர் வாதிட வேண்டும். ஒரு கருத்தைச் சொல்லி, அதற்குக் காரணம் காட்டி, எதிர்த் தரப்பின் நியாயத்தையும் எடை போட்டுப் பேச வேண்டும். காற்றில் வாதம் செய்ய முடியாது. அதற்குப் பொருள் வேண்டும். அந்தப் பொருளில் காரணமும் விளைவும் இருக்க வேண்டும். இரு தரப்பிலும் நியாயம் இருக்க வேண்டும். எண்களும் சான்றுகளும் இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் பிரச்சினைகளில் இவை அனைத்தும் உள்ளன.

எனவேதான் உயர்நிலைப் பாடநூல்களில் ஓநாய் அடிக்கடி தலைகாட்டுகிறது. பிரான்சில் அழிந்துபோயிருந்த ஓநாய், 1992-இல் இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் மலை வழியாக மெர்க்கான்தூர் தேசியப் பூங்காவுக்குத் திரும்பி வந்தது. இயற்கை ஆர்வலர்கள் மகிழ்ந்தனர். ஆடு மேய்ப்போர் கலங்கினர். இன்றுவரை வழக்குத் தீரவில்லை. வகுப்பில் வாதிட இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா?

ஆனால் ஆல்ப்ஸ் மலை ஓநாயை நம் மாணவர் கண்டதில்லை. அவர் கண்டதும், காண வேண்டியதும் கோவளத்து ஆமையை அல்லவா?

பிரெஞ்சில் எதற்கு?

"ஆமையைப் பற்றித் தமிழிலேயே படிக்கலாமே" என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான பேச்சு. கட்டாயம் தமிழில் படிக்க வேண்டும். அதோடு பிரெஞ்சிலும் படிப்பதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, உலக உடன்படிக்கைகள். அருகிவரும் உயிர்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 1973-இல் வாஷிங்டனில் கையெழுத்தானது. இந்தியா 1976-இல் அதில் சேர்ந்தது. 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் பருவநிலை உடன்படிக்கையை நீங்கள் அறிவீர்கள். இவ்விரண்டிலும் பிரெஞ்சு வாசகம் மொழிபெயர்ப்பு அன்று. ஆங்கில வாசகத்துக்குச் சமமான மூல வாசகம். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்ததும் பாரிசுக்கு அருகிலுள்ள ஃபோந்தேன்புளோ நகரில்தான். ஆண்டு 1948.

இரண்டாவது, விஞ்ஞான வரலாறு. ஓர் உயிரினம் பூண்டோடு அற்றுப்போகக்கூடும் என்பது இன்று சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் அறிஞர் பலர் அதை நம்பவில்லை. 1796-இல் கூவியே என்ற விஞ்ஞானி, இன்று வாழும் ஆசிய, ஆப்பிரிக்க யானைகளின் எலும்புகளை, மண்ணில் புதைந்து கிடைத்த மாமத யானையின் எலும்புகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். மாமத யானை வேறோர் இனம், அது உலகில் இன்று இல்லை என்று நிறுவினார். பாரிசில், பிரெஞ்சில் படிக்கப்பட்ட கட்டுரை அது. மாமல்லபுரம் செல்லும் வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணையில் வெயில் காய்கிறதே சதுப்பு முதலை, அதற்கு 1831-இல் விஞ்ஞானப் பெயர் சூட்டியவரும் லெசோன் என்னும் பிரெஞ்சுக்காரரே.

மூன்றாவது காரணம் நமக்கு மிக நெருக்கமானது. நம் மண்ணைப் பற்றிய அறிவில் ஒரு பகுதி பிரெஞ்சு மொழியில் இருக்கிறது! புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னாட்டுத் தாவரங்களை விரிவாக ஆராய்ந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் தாவரப் படங்களை வரைந்து வெளியிட்டது. இந்தியத் தாவரங்களைப் பற்றி லெக்ரி எழுதிய நூல் 1963-இல் வந்தது. தென்னிந்திய மலைகளைப் பற்றி 1971-இலும், இந்தியாவின் அலையாத்திக் காடுகளைப் பற்றி 1975-இலும் பிளாஸ்கோ நூல்கள் எழுதினார். பிச்சாவரத்துக் காட்டின் பழைய நிலையை அறிய விரும்பும் தமிழ் மாணவர், பிரெஞ்சு தெரிந்திருந்தால் அந்த ஏட்டை நேரே புரட்டலாம். தெரியாவிட்டால், பிறர் எடுத்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

பெயரே முதல் பாடம்

இனி வகுப்புக்குள் செல்வோம். இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் உள்ளன. அவற்றின் பெயர்களை இரு மொழிகளிலும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

பிரெஞ்சில் ஆமை என்பது 'தொர்த்யு'. நம் கரையில் முட்டையிடும் ஆமையை, அதன் மங்கிய பச்சை நிறத்தைக் கொண்டு, 'ஒலிவ நிற ஆமை' என்கின்றனர் பிரெஞ்சுக்காரர். நம் மீனவர் அதையே 'பங்குனி ஆமை' என்கின்றனர். ஒரு பெயர் நிறத்தைச் சொல்கிறது. மற்றது காலத்தைச் சொல்கிறது. மிகப் பெரிய கடலாமையின் முதுகில் நீளவாட்டில் மேடுகள் ஓடும். அதைக் கண்ட பிரெஞ்சுக்காரருக்கு 'லியூத்' என்ற நரம்பிசைக் கருவி நினைவுக்கு வந்தது. நம்மவர் மேடுகளை எண்ணி 'ஏழுவரி ஆமை' என்றனர்.

மூன்றாவது பெயர் இன்னும் வியப்பானது. ஓர் ஆமையின் ஓட்டுத் தகடுகள் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமைந்திருக்கும். பிரெஞ்சுப் பெயரின் பொருள், 'அடுக்கடுக்காய் ஏறிய ஓடுடைய ஆமை' என்பது. தமிழில் அதன் பெயர் 'அழுங்காமை'. அழுங்கு என்பது எது? உடம்பெல்லாம் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எறும்புதின்னி! எங்கோ இருந்த பிரெஞ்சுக்காரரும் நம் கடற்கரை மீனவரும் ஒரே உண்மையைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர்.

வேடந்தாங்கலுக்கு வரும் ஒரு நாரையையும் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். அதனால் பிரெஞ்சில் அது 'திறந்த அலகு'. தமிழிலோ 'நத்தைகுத்தி'. பிரெஞ்சுப் பெயர் உருவத்தைச் சொல்கிறது; தமிழ்ப் பெயர் அந்த அலகைக் கொண்டு பறவை செய்யும் தொழிலையே சொல்லிவிடுகிறது. இப்படி ஒப்பிடும் மாணவர் சொல்லையும் மறப்பதில்லை, பறவையையும் மறப்பதில்லை.

இங்கே ஒரு வருத்தமும் உண்டு. பிரெஞ்சில் ஐந்து ஆமைகளின் பெயரையும் ஒப்பிக்கும் மாணவர் பலருக்குத் தமிழ்ப் பெயர் ஒன்றுகூடத் தெரிவதில்லை. கோவளத்திலோ நெம்மேலியிலோ வயதான மீனவர் ஒருவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

இலக்கணத்துக்குள் விஞ்ஞானம்

பிரெஞ்சில் எல்லாப் பெயர்ச்சொற்களும் ஆண்பால் அல்லது பெண்பால். முதலை ஆண்பால், முட்டையைக் காக்கும் தாய் முதலையானாலும் ஆண்பால்தான். ஆமை எப்போதும் பெண்பால். நமக்கோ இரண்டும் அஃறிணை.

ஆனால் ஆமைக் குஞ்சு உண்மையில் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது எது? மணலின் வெப்பம்! முட்டை பொரிய ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஆகின்றன. அதன் நடுப்பகுதியில் மணல் சற்றுக் குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகளும், சூடேறியிருந்தால் பெண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. இரண்டும் சமமாகப் பிறக்கும் நிலை ஏறத்தாழ 29 முதல் 31 டிகிரி செல்சியசுக்குள் அமைகிறது. உலகம் சூடேறிக்கொண்டே போனால் என்ன ஆகும்? பிரெஞ்சு இலக்கணம் சொல்வதுபோல் ஆமைகள் எல்லாமே பெண்பாலாகிவிடும் அபாயம் உண்டு. 'இப்படி நடந்தால் அப்படி ஆகும்' என்ற நிபந்தனை வாக்கியத்தைக் கற்பிக்க ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

அடுத்து, செய்தித்தாள் நடை. பிரெஞ்சுச் செய்தியாளர் உறுதிப்படாத செய்தியை எழுதும்போது வினையை நிபந்தனை வடிவுக்கு மாற்றிவிடுவார். தமிழில் நாம் 'ஆம்' சேர்க்கிறோமே, அதைப் போன்றது இது. 'வலையில் சிக்கி இறந்தன' என்பது உறுதி. 'வலையில் சிக்கி இறந்தனவாம்' என்பது கேள்வி. சான்று எவ்வளவு வலுவானது என்பதை வினைமுற்றே காட்டிவிடுகிறது. இந்த வேறுபாட்டை மாணவர் உணரும்போது இலக்கணத்தோடு விஞ்ஞான மனப்பான்மையையும் கற்கிறார்.

இன்னொரு சொல். கரை ஒதுங்குவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினை 'எஷூவே'. தேர்வில் தோற்பதற்கும் இதே வினைதான்! தமிழில் 'கரை சேர்ந்தான்' என்றால் வென்றான் என்று பொருள். தாய் ஆமை உயிரோடு கரையேறினால் தமிழ்ப் பொருள் பொருந்தும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கினவே, அப்போது பொருந்தியது பிரெஞ்சுப் பொருள்.

மூன்று ஏடுகள், ஒரு சுருக்கம்

ஐந்தாம் படியாகிய சி1 தேர்வில் ஒரு பயிற்சி உண்டு. ஒரே பொருளைப் பற்றிய சில ஏடுகளைத் தருவார்கள். மாணவர் அவற்றைப் படித்து, ஏறத்தாழ 220 சொற்களில் ஒரே சுருக்கமாக இணைத்து எழுத வேண்டும். ஒரு நிபந்தனை: தம் சொந்தக் கருத்தை ஓர் எழுத்துக்கூடச் சேர்க்கக் கூடாது. அதன் பிறகே, தனிக் கட்டுரையில், தம் கருத்தைச் சொல்லலாம்.

இந்தப் பயிற்சிக்கு அந்த ஆமைச் சாவையே எடுத்துக்கொள்வோம்.

முதல் ஏடு விஞ்ஞானம். கடலாமைக்குச் செவுள் இல்லை; நம்மைப்போல் நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். விசைப்படகின் இழுவலைக்குள் சிக்கிப் போராடும் ஆமைக்கு மூச்சு விரைவில் தீர்ந்துவிடும்; மூழ்கி இறக்கும். இதைத் தடுக்க வலையில் ஆமை விலக்குக் கருவி பொருத்தலாம். அது சாய்வாக அமைந்த ஒரு கம்பிச் சட்டம். இறால் கம்பிகளின் இடைவெளியில் புகுந்து வலையின் பைக்குள் போகும். ஆமை சட்டத்தில் மோதி, சறுக்கி, திறந்த வழியாக வெளியேறிவிடும்.

இரண்டாம் ஏடு தொழில். அந்தத் திறப்பு வழியாக ஆமை மட்டுமா போகும், எங்கள் மீனும் அல்லவா போகிறது என்பது படகுக்காரரின் கேள்வி. டீசல் விலை, கடன் தவணை, ஆட்கூலி எல்லாவற்றையும் வலையில் விழுவதை வைத்தே அவர் சரிக்கட்ட வேண்டும்.

மூன்றாம் ஏடு சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலாமைக்கு முதல் அட்டவணையில் இடம் தந்து, மிக உயர்ந்த பாதுகாப்பை அளிக்கிறது.

இம்மூன்றையும் நடுநிலையோடு சுருக்கிப் பாருங்கள். படகுக்காரரின் நியாயத்தை அவர் ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும்; சட்டத்தின் நோக்கத்தையும் குறைக்காமல் எழுத வேண்டும். எளிதன்று! 'காப்போம், காப்போம்' என்ற முழக்கம் இங்கே உதவாது. பிறர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்ட பின்னரே தீர்ப்புச் சொல்லலாம் என்ற ஒழுக்கத்தை இந்தப் பயிற்சி வளர்க்கிறது.

இரு தரப்பையும் இணைக்கும் வழி உண்டா என்று கேட்பீர்கள். நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பாம்புத் தோல் வாணிபம் தடை செய்யப்பட்டபோது இருளர் மக்கள் பிழைப்பை இழந்தனர். 1978-இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் அவர்கள் பாம்புகளிலிருந்து நஞ்சு எடுத்தனர். அந்த நஞ்சு பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. நஞ்சு எடுத்த பாம்பு மீண்டும் காட்டில் விடப்படுகிறது. பாம்பும் பிழைத்தது; பாம்பு பிடிப்பவரும் பிழைத்தார்; கடிபட்டவரும் பிழைத்தார். ஆல்ப்ஸ் ஓநாய்க்கும் ஆட்டிடையருக்கும் நடக்கும் வழக்கைப் படித்த மாணவர், இந்த வரலாற்றைப் பிரெஞ்சில் எழுதினால், பிரெஞ்சுக்காரரும் படித்துப் பயனடைவர்.

கடலுக்கு அப்பால் உறவினர்

இந்தியப் பெருங்கடலில் ரெயூனியன் என்றொரு தீவு. பிரான்சுக்கு உரியது. 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும்.

அத்தீவில் 1970-களில் ஓர் ஆமைப் பண்ணை தொடங்கினார்கள். இறைச்சிக்கும் ஓட்டுக்குமாகப் பேராமைகளை வளர்த்தார்கள். வாஷிங்டன் உடன்படிக்கை ஆமை வாணிபத்துக்குக் கடிவாளம் போட்டது. பண்ணைத் தொழில் நின்றது. அதே இடம் 2006-இல் 'கெலோனியா' என்ற பெயரில் ஆமைகளை ஆராயும், காயம்பட்டவற்றுக்கு மருத்துவம் செய்யும் நிலையமாக மாறியது.

அதே தீவில் இன்னொரு வழக்கம். அங்குள்ள மலைகளில் ஒரு வகைக் கடற்பறவை கூடு கட்டுகிறது. குஞ்சுகள் முதன்முறை பறந்து கடலுக்குச் செல்லும்போது தெரு விளக்குகளால் திகைத்துத் தரையில் விழுகின்றன. ஆகவே ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் 'விளக்கில்லா இரவுகள்' என்ற பெயரில் விளக்குகளை அணைக்கிறார்கள்.

நம் கரையில் நடப்பதும் இதுதானே? இருட்டில் கடலின் பக்கம் வானம் சற்று வெளிச்சமாக இருக்கும். பொரிந்த ஆமைக் குஞ்சு அந்த வெளிச்சத்தை நோக்கி ஓடும்படி இயற்கை அமைத்திருக்கிறது. கடற்கரைச் சாலையில் விளக்குகள் பெருகியபின், குஞ்சு கடலை விட்டுச் சாலையை நோக்கி ஓடுகிறது. இதனால்தான் 1970-களிலிருந்தே சென்னைக் கரையில் தன்னார்வலர்கள் இரவில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கின்றனர். 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இப்பணியைத் தொடர்ந்து செய்துவருகிறது. ரெயூனியன் மாணவருக்கு ஒரு கடிதம் எழுதி, "உங்கள் ஊரில் விளக்கை அணைக்க மக்களை எப்படி இணங்கச் செய்தீர்கள்?" என்று கேட்கலாம். அப்போது பிரெஞ்சு தேர்வுக்கான மொழியாக மட்டும் இராது. காரியத்துக்கு உதவும் மொழியாகிவிடும்.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் சில சொற்கள்

இம்முறையில் இடறும் இடங்களும் உண்டு. மொழி ஆசிரியர் உயிரியல் அறிஞராக இருக்கத் தேவையில்லை. ஆனால் தகவலைச் சரிபார்க்க வேண்டும். பிழையான செய்தியை அழகான பிரெஞ்சில் சொன்னாலும் அது பிழைதான். மேலும், சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. ஒரு முறையாவது வெளியே செல்ல வேண்டும். முட்டுக்காட்டு உப்பங்கழியும், வேடந்தாங்கலும் அரை நாள், ஒரு நாள் பயணத்தில் அடங்குபவை. வேடந்தாங்கலில் ஊர்மக்களே தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்தனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாகும் என்பது அவர்கள் அனுபவம். அந்த ஏரி 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கடைசியாக ஒன்று. பிரெஞ்சில் படித்ததைத் தமிழில் எழுதுங்கள். அதுதான் இப்பாடத்தின் பாதிப் பங்கு. பிரெஞ்சில் சுற்றுச்சூழலுக்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்றின் வேர்ப்பொருள் 'சுற்றியிருப்பது'. 'மிலியூ' என்ற மற்றதன் வேர்ப்பொருள் 'நடுவிடம்'. நம்மைச் சுற்றி இயற்கை இருக்கிறது என்பது ஒரு பார்வை. இயற்கையின் நடுவே நாம் இருக்கிறோம் என்பது மற்றொரு பார்வை. தமிழில் நாம் முதல் சொல்லைப்போல் 'சுற்றுச்சூழல்' என்கிறோம். ஆனால் நிலத்தையும், அதன் விலங்கு, பறவை, மரம், மக்கள், தொழில் ஆகியவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் 'திணை' என்று வகுத்ததும் தமிழ்தான். இரண்டு பார்வைகளையும் வைத்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

இந்தப் பங்குனிக்குள் இன்னொரு வேலையும் செய்யுங்கள். கடற்கரை மீனவர் ஒருவரிடம் சென்று, ஆமைகளின் பெயர்களையும், எது எந்த மாதம் வரும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு எதிரே பிரெஞ்சுப் பெயர்களை எழுதுங்கள். அந்த ஒரு தாள் உங்கள் வகுப்பின் முதல் பாடமாகட்டும்.